உருகுநிலைக்கு ஒரே எண் கேட்காதீர்கள்: செய்முறைக் கையேடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வேதியியல் செய்முறைக் கையேடுகளை எழுதும், செய்முறைத் தேர்வுகளுக்கு மதிப்பெண் பங்கீடு வகுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

உருகுநிலை அளக்கும் பயிற்சியில் ஒரு திருத்தம் வேண்டி இதை எழுதுகிறேன். கையேடுகள் பலவற்றில் இந்தப் பயிற்சியின் இறுதியில் 'பொருளின் உருகுநிலை' என்று ஒரே ஒரு கோடிட்ட இடம் விடப்பட்டிருக்கிறது. தூய பொருளுக்கே அது போதாது. கலவைக்கோ அது பொருந்தாத கேள்வி. முதல் துளி திரவம் தென்படும் வெப்பநிலை, கடைசிப் படிகம் மறையும் வெப்பநிலை என்ற இரண்டும் அங்கே கேட்கப்பட வேண்டும்.

நான் மாணவனாக இருந்தபோது எனக்குத் தரப்பட்ட பென்சோயிக் அமிலத்தைச் சிறு கண்ணாடிக் குழாயில் இட்டுச் சூடேற்றியபோது, அது 116 டிகிரியில் நனையத் தொடங்கி, 120-இல்தான் முழுவதும் தெளிந்தது. புத்தகத்தில் 122 என்று இருந்ததால் நானும் 122 என்றே எழுதினேன். முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. பொருள் சரியாக உலரவில்லை, அல்லது வேறொன்று அதில் கலந்திருக்கிறது என்று அந்தச் சிறு குழாய் காட்டியதை நான் பதிவு செய்யாமல் விட்டது இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. என் மாணவர்கள் அதையே செய்யும்போது அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை, ஏனெனில் ஒரே கோடிட்ட இடம் அவர்களை அப்படித்தான் எழுத வைக்கிறது.

இரண்டு பொருள்கள் கலந்த திண்மம் பொதுவாக ஒரே வெப்பநிலையில் உருகுவதில்லை. முதலில் தோன்றும் திரவத்தில் இரண்டும் கரைந்திருக்கும். அந்தத் திரவத்தில் ஒன்றின் மூலக்கூறுகள் மற்றொன்றினால் நீர்த்துப்போவதால் அவை படிகத்துக்குத் திரும்பும் வேகம் குறைகிறது, படிகம் தன் இயல்பான உருகுநிலைக்கு முன்னதாகவே கரையத் தொடங்குகிறது. வெப்பம் ஏற ஏற மிஞ்சிய திண்மம் சிறிது சிறிதாகத் திரவத்தில் சேர்கிறது, திரவத்தின் விகிதமும் மாறிக்கொண்டே போகிறது. முதல் துளிக்கும் கடைசிப் படிகத்துக்கும் உள்ள வெப்பநிலை இடைவெளியின் அகலம்தான் கலவையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்தி. கலப்பு மிகக் குறைவாக இருந்தால் முதலில் தோன்றும் திரவம் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும். ஆகவே தொடக்க எண்ணைப் பதியும்போது மாணவர் தாம் கண்டதை மட்டுமே எழுதப் பழக வேண்டும்.

இதைக் கற்பிக்க யூரியாவையும் சின்னமிக் அமிலத்தையும் விடச் சிறந்த இணையை நான் பார்த்ததில்லை. தனித்தனியே இரண்டும் 133 டிகிரியை ஒட்டி உருகுபவை. உருகுநிலையை மட்டும் வைத்து இது எது என்று சொல்ல முடியாது. இரண்டையும் சம அளவில் எடுத்து நன்றாக அரைத்து, யூரியா ஒரு குழாயிலும் சின்னமிக் அமிலம் இன்னொன்றிலும் கலவை மூன்றாவதிலுமாக நிரப்பி, கலவைக் குழாயை நடுவில் வைத்து மூன்றையும் ஒரே வெப்பநிலைமானியோடு சேர்த்துக் கட்டிச் சூடேற்றினால், ஓரத்துக் குழாய்கள் இரண்டிலும் தூள் அப்படியே வெண்மையாக நிற்கும்போது நடுக் குழாயில் தூள் சுருங்கி, சுவரில் ஈரம் படிந்து, இருபது டிகிரிக்கும் மேல் முன்னதாகவே உருகிவிடும். பெயர் தெரியாத பொருளை அடையாளம் காணக் கலப்பு உருகுநிலை பார்ப்பது, அதாவது தெரிந்த பொருளோடு அதைக் கலந்து உருக்கிப் பார்ப்பது, ஏன் என்பதை அந்த ஒரு காட்சியே புரியவைத்துவிடுகிறது.

அளவு சரியாக அமைய வேண்டுமானால் சில நிபந்தனைகளைக் கையேட்டில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தூள் குழாயில் 2 முதல் 3 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் போதும். அதிகமானால் இடைவெளி பொய்யாக அகன்றுவிடும். எதிர்பார்க்கும் உருகுநிலைக்கு 15 அல்லது 20 டிகிரி கீழே வரை வேகமாகச் சூடேற்றலாம், அதன்பின் நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது. தூள் சுருங்குவதை முதல் துளியாகக் கொள்ளக்கூடாது. ஒருமுறை உருகிய மாதிரியை ஆறவிட்டு மீண்டும் அளப்பதும் கூடாது. சிதைந்தோ படிக வடிவம் மாறியோ இருக்கலாம்.

கூரான உருகுநிலை, அதாவது இடைவெளி ஏறக்குறைய இல்லாத உருகுநிலை, என்றாலே தூய பொருள் என்று பல கையேடுகள் தயக்கமின்றி எழுதிவிடுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. யூடெக்டிக் என்னும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலவையும் ஒரே வெப்பநிலையில் கூராக உருகும். வெள்ளீயம் 232 டிகிரியிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகுபவை. எடையில் ஏறத்தாழ 62 சதவீதம் வெள்ளீயமும் மீதி காரீயமும் உள்ள பற்றாசோ (உலோகங்களை ஒட்டவைக்கும் கலவை) 183 டிகிரியிலேயே முழுவதும் உருகிவிடுகிறது. ஐயம் இருந்தால், உட்கூறு என்று கருதும் பொருளைச் சிறிது சேர்த்து அரைத்து மீண்டும் அளந்தால் போதும்: யூடெக்டிக் கலவையாக இருந்தால் கடைசிப் படிகம் மறையும் வெப்பநிலை உயர்ந்து இடைவெளி விரியும், மாதிரி தூய பொருளாக இருந்து, நாம் சேர்த்தது வேறொரு பொருளாக இருந்தால் பொதுவாக உருகுநிலை தாழும். இந்தச் சோதனைக்குக் கூடுதல் கருவி எதுவும் வேண்டாம்.

ஆகவே அடுத்த பதிப்பில் அந்தக் கோடிட்ட இடத்தை இரண்டாகப் பிரியுங்கள். அதனருகில் சூடேற்றிய வேகத்தை எழுதவும், உருகுநிலை தெரிந்த ஒரு தூய பொருளைக் கொண்டு வெப்பநிலைமானியைச் சரிபார்த்த விவரத்தை எழுதவும் இடம் கொடுங்கள். 116 முதல் 120 வரை என்று எழுதி, 'என் மாதிரி தூயதல்ல' என்று காரணத்தோடு முடிவு சொல்லும் மாணவருக்கு முழு மதிப்பெண் உண்டு என்பதை மதிப்பெண் பங்கீட்டிலேயே எழுத்தில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வக ஆசிரியர் ஒருவர்