செயலாளரின் ஆண்டறிக்கை: பெரிய விமானங்களில் எஞ்சினை நிறுத்தும் வழிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடும் நமது சங்கத்தின் செயற்குழு இந்த ஆண்டும் தவறாமல் கூடியது. ஓடுபாதையைப் பராமரிக்கும் வேலையை உறுப்பினர்கள் முறைவைத்துச் செய்தார்கள், அவர்களுக்கு நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் நேராகப் பெட்ரோல் எஞ்சின் வைத்த பெரிய விமானத்தோடுதான் வருகிறார்கள். அதனால் இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன்: ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை வேண்டிய நேரத்தில் நிறுத்துவது.

ஆண்டின் நடுவில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். தரையிறங்கிய ஒரு பெரிய விமானத்தில், த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டை) அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவிலிருந்து, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்ப்பரேட்டருக்குப் போகும் கம்பி கழன்றுவிட்டது. ஓட்டியவர் த்ராட்டிலை அடிவரை இறக்கினார். சர்வோ திரும்பியது, கார்ப்பரேட்டர் அசையவில்லை. எஞ்சின் பாதி வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் ஓடிப்போய் வாலைப் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சினில் பொறி உண்டாக்கும் இக்னிஷனின் சுவிட்ச் இருந்ததோ எஞ்சின் மூடியின் ஓரத்தில், சுழலும் புரொப்பெல்லருக்கு ஒரு சாண் பின்னால். அங்கே யாரும் கையை நீட்டவில்லை, நீட்டவும் கூடாது. கடைசியில் ஒருவர் பின்பக்கமாக வந்து, மேல்மூடியைக் கழற்றி, பெட்ரோல் குழாயை நசுக்கிப் பிடித்தார். அதற்குப் பிறகும் கார்ப்பரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோலில் எஞ்சின் சில நொடிகள் ஓடித்தான் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை.

இதையடுத்து எல்லாப் பெரிய விமானங்களையும் செயற்குழு சோதித்தது. த்ராட்டிலை மூடினால் எஞ்சின் நின்றுவிடும் என்றுதான் பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள். எஞ்சின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஓடும்படி வைக்கும் ஐடில் ஸ்க்ரூவைக் கார்ப்பரேட்டரில் தளர்த்தாமல் விட்டிருந்தால், உள்ளே இருக்கும் தட்டு முழுவதும் மூடாது. சில கார்ப்பரேட்டர்களில் அந்தத் தட்டிலேயே சிறு துளை உண்டு. மூடினாலும் காற்று போகும். எல்லாம் சரியாக இருந்தாலும், இந்த வழி விமானத்தில் சிக்னலை வாங்கும் ரிசீவர், பேட்டரி, சர்வோ, கம்பி என்ற நான்கையும் நம்பியிருக்கிறது. ஒன்று போனாலும் போச்சு.

இக்னிஷனை நிறுத்துவதில் ஒரு வேறுபாட்டை எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும். பேட்டரி இக்னிஷனில் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஒயர் அறுந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும். பேட்டரி இல்லாமல், சுழலும் காந்தத்தால் தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டோவில் நேர்மாறு. அங்கே சுவிட்ச் காயிலை எர்த் செய்து பொறியை நிறுத்துகிறது. எர்த் ஒயர் அறுந்திருந்தால் சுவிட்சை எத்தனை முறை போட்டாலும் எஞ்சின் நிற்காது. அறுந்தது முன்கூட்டித் தெரியவும் தெரியாது. மேக்னட்டோ வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பறக்கும் நாளிலும் ஒரு தடவையாவது அந்தச் சுவிட்சால் எஞ்சினை நிறுத்திப் பார்த்தால்தான் இது வெளியே வரும். பேட்டரி இக்னிஷனிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. சுவிட்ச் போட்டிருந்தால், புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகத் திருப்பினாலே பொறி பாயக்கூடும்.

பெரிய மாதிரி விமானங்களுக்கான அமைப்பான இன்டர்நேஷனல் மினியேச்சர் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன், ஒற்றை இறக்கை விமானத்தில் குறைந்தது 80 அங்குலமும் இரட்டை இறக்கையில் 60 அங்குலமும் இறக்கை நீளம் இருந்தால் பெரிய விமானம் என்று கொள்கிறது. அதன் பாதுகாப்பு விதிப்படி, ரேடியோவின் துணையில்லாமல் கையால் இயக்கும் சுவிட்ச் விமானத்தில் இருக்க வேண்டும். ஓட்டுபவருக்கும் உதவியாளருக்கும் அது எளிதில் எட்ட வேண்டும். ஓட்டுபவர் கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரிலிருந்து நிறுத்தவும் தனியே ஒரு வழி வேண்டும். இதையே நாமும் பின்பற்றலாம் என்பது செயற்குழுவின் முடிவு. நடந்த சம்பவத்தைப் பார்த்தபின் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம்: கைச் சுவிட்ச் இறக்கைக்குப் பின்னால், உடற்பகுதியின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். வாலைப் பிடித்திருப்பவருக்கு உதவியாக வருபவர் பின்னாலிருந்தே அதைத் தட்ட முடிய வேண்டும்.

டிரான்ஸ்மிட்டரிலிருந்து நிறுத்த, பேட்டரி இக்னிஷனுக்கு ஒளிவழி சுவிட்ச் நல்லது. ரிசீவருக்கும் இக்னிஷனுக்கும் நடுவே ஒயர் தொடர்பு இல்லாமல் ஒளியால் வேலை செய்வதால், இக்னிஷனின் மின் இரைச்சல் அதன் வழியாக ரிசீவருக்குப் போவதில்லை. ஆனால் அதை மாட்டினால் மட்டும் போதாது. சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே அமைத்துவைப்பதுதான் ஃபெயில்சேஃப். அது கடைசி நிலையையே பிடித்துக்கொள்ளும்படி இருந்தால், இக்னிஷனும் போட்டபடியே இருக்கும். விமானத்தை நன்றாகக் கட்டிவைத்து, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் நின்றால் சரி.

இதில் கூட்டத்தில் நல்ல விவாதம் நடந்தது. ஒரு நொடி சிக்னல் விட்டுப்போனாலும் எஞ்சின் நின்று, சக்தியில்லாமல் இறக்க வேண்டிவரும், ஐடிலுக்குப் போனால் போதாதா என்று அனுபவமுள்ளவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் இக்னிஷன் உடனே அணையாமல், சற்று நேரம் தொடர்ந்து சிக்னல் இல்லாதபோது மட்டும் அணையும்படி அமைக்க முடிந்தவர்கள் அப்படி அமைத்துக்கொள்ளலாம். த்ராட்டில் மட்டும் உடனே ஐடிலுக்கு இறங்கியாக வேண்டும். கட்டுப்பாடு போன பெரிய விமானம் எஞ்சின் ஓடியபடி ஆட்கள் இருக்கும் பக்கம் வருவதைவிட, சக்தியில்லாமல் வெற்று நிலத்தில் இறங்குவது எவ்வளவோ மேல் என்றே நான் நினைக்கிறேன்.

மின் மோட்டார் விமானங்களில் பேட்டரியை மாட்டிய கணமே மோட்டார் சுழலத் தயாராகிவிடும். அவற்றுக்கு வெளியிலிருந்து பிடுங்கக்கூடிய பிளக் ஒன்று வேண்டும். பறக்கும் இடத்துக்குப் போன பிறகே அதைச் செருக வேண்டும்.

இந்த விதிகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஒப்புதல் கிடைத்தால், சோதனையில் தேறாத பெரிய விமானம் யாருடையதாக இருந்தாலும் ஓடுபாதைக்குப் போகாது. சுவிட்சை இடம் மாற்றவும் ஃபெயில்சேஃப் அமைக்கவும் உதவி தேவைப்படுபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்