புதிய இன்ஜின் என்றாலே புகைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஏற்காடு மலைப்பாதை பற்றிய கட்டுரையைப் படித்தேன். காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, இருபது கொண்டை ஊசி வளைவு என்று ஒன்றையும் விடாமல் நன்றாகவே எழுதியிருக்கிறார் உங்கள் நிருபர். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: "இன்ஜினை மாற்றிக்கொண்டு ஸ்போர்ட்ஸ் காரில் சீறும் பணக்காரர்களால்தான் சேர்வராயன் மலை புகைந்துகொண்டிருக்கிறது."

அந்த வரியோடு போட்டிருக்கும் படத்தில் இருப்பது என் கார். நானும் பணக்காரன் என்பதை உங்கள் பத்திரிகை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் வாசித்துக் காட்டினேன். "அப்படியானால் சமையலறைக்கு மேலே ஒழுகுகிற ஓடுகளை இந்த மழைக்குள் மாற்றிவிடலாமே" என்றாள் மனைவி.

சான் ஸ்டார்ம் என்ற கார் உங்களுக்கு நினைவிருக்கும். 1990களின் கடைசியில் கோவாவில் தயாரானது. இரண்டே இருக்கை, ஃபைபர் பாடி, கூரையை எடுத்தால் வானம். உள்ளே ரெனோவின் 1149 சிசி இன்ஜின், 60 குதிரைத்திறன். பார்வைக்குத்தான் பந்தயக் கார். அடிவாரம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தால், பின்னால் காய்கறி ஏற்றி வரும் மினி லாரி ஹாரன் அடித்து வழி கேட்கும். அந்தக் காரின் 1999 மாடலைத்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கிறேன். கொண்டலாம்பட்டியில் இன்ஜின் ரீபோர் பட்டறை வைத்திருப்பவனுக்கு வேறென்ன ஆசை இருக்கும்?

அதில் ரெனோ டஸ்டரின் பெட்ரோல் இன்ஜினைப் போட வேண்டும் என்பது என் யோசனை. 1598 சிசி, பதினாறு வால்வு, நூறு குதிரைத்திறனுக்குச் சற்று மேல். நம் நாட்டு வாகனப் புகை விதிகளான பாரத் ஸ்டேஜ் வரிசையில் நான்காவது, அதாவது பிஎஸ்-4 தரம். இன்ஜினை மட்டும் தூக்கி வைப்பதாக இல்லை. அதன் ஈசியூ என்கிற கட்டுப்பாட்டுக் கணினி, வயரிங், சைலன்சர் லைனில் நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார்கள், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டர் வரை எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவதாக இருந்தேன். சக்தி கூடினால் புகையும் கூடும் என்பது கார்பரேட்டர் காலத்துக் கணக்கு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவு பிசகாமல் சென்சார் பார்த்துக்கொண்டால், கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் கன்வெர்ட்டர் அடக்கிவிடும். நூறு குதிரையானாலும் அது தன் வேலையைச் செய்யும்.

இனி சட்டத்துக்கு வருவோம். பிஎஸ்-2க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சான்றில் அனுமதிக்கப்பட்ட கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம். பிஎஸ்-4 காருக்கு 0.3 சதவீதம். அதாவது நான் போட நினைத்த இன்ஜின், பழையதற்கு அனுமதித்த விஷத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டியது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரித்த நிறுவனம் சொன்ன விவரத்திலிருந்து ஆர்சி புத்தகம் மாறக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்துவிட்டது. அதே வருடத் திருத்தத்தில், மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். பேட்டரிக்கு மாற்றினால் சரி, அங்கீகரித்த கிட் இருந்தால் எரிவாயுவுக்கு மாற்றினாலும் சரி. பத்து லாரிக்குக் குறையாமல் வைத்திருப்பவருக்கு, அதே வகை இன்ஜினை முன் அனுமதி கேட்காமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதி தரலாம் என்றுகூட அதே பிரிவில் இருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தேதான் அந்த வரியைப் போட்டீர்களா என்பதுதான் என் வருத்தம்.

முறைப்படி கேட்கலாம் என்று ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் பேசினார். "இதே இன்ஜின் இன்னொன்று பிடித்துக்கொண்டு வாருங்கள், எழுதித் தருகிறேன்" என்றார். தயாரிப்பே நின்றுபோன காருக்கு நான் எந்தக் காயலாங்கடையில் போய்ப் பிடிப்பது? கிடைத்தாலும் அது இதைவிடத் தேய்ந்துதான் இருக்கும். நாளை அது கக்கும் புகைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. சுத்தமான இன்ஜினுக்கு இல்லை.

காற்று மாசு விதிகளில் அமெரிக்காவிலேயே கறாரான மாநிலம் கலிபோர்னியா. அங்கே இருக்கும் என் அக்கா மகன் அனுப்பிய விவரத்தை நானும் சரிபார்த்துவிட்டேன். இன்ஜினை மாற்றலாம். காரின் மாடல் வருடத்தைவிடப் பழைய இன்ஜினாக இருக்கக்கூடாது. அந்த இன்ஜினுக்குரிய மாசுக் கட்டுப்பாட்டுச் சாமான் அத்தனையும் கூடவே வர வேண்டும். ரெஃப்ரி என்று ஒருவர் சோதித்துப் பார்த்து, திருப்தியானால் காரில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார். நான் கேட்பதும் அதே ஸ்டிக்கரைத்தான்.

இங்கே நடக்கும் சோதனையைச் சொல்லட்டுமா? ஒரு புகைப் பரிசோதனை நிலையத்தில் (பெயர் வேண்டாம்) பையன் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தான், பணத்தை வாங்கினான், பிரிண்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. சைலன்சருக்குள் போக வேண்டிய குழாய் தரையில் கிடந்தது. நானே எடுத்துச் செருகி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் நின்று ரீடிங் எடுக்க வைத்தேன். சிஓ, அதாவது கார்பன் மோனாக்சைடு, 1.9 சதவீதம். "பாஸ்தானே சார், எதுக்கு டென்ஷன்" என்றான். பாஸ்தான். அதுதானே என் புகாரே!

கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போட்டு, இரவில் பட்பட்டென்று வெடிக்கவிட்டு மலையேறும் பையன்களை நான் ஆதரிக்கவில்லை. என் பட்டறைக்கு அப்படி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களைப் பிடித்துத் தாராளமாக அபராதம் போடட்டும். ஆனால் அவர்களையும் என்னையும் ஒரே வரியில் அடைப்பது என்ன நியாயம்? பதினைந்து வருடம் தாண்டிய காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ஆனபோது உங்கள் பத்திரிகையில் ஒரு தலையங்கம்கூடக் கண்ணில் படவில்லை. பெட்ரோல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபோதும், அது என் காரின் பழைய ரப்பர் ஹோஸ்களை என்ன செய்யும் என்று யாரும் விசாரிக்கவில்லை. போன கோடை விழாவின்போது, கார்களை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டுப் பேருந்து விடுங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். "விழா சிறப்பாக நடந்தது" என்ற முதல் வரியை மட்டும் என் ஊர் போட்டு வெளியிட்டீர்கள். பாராட்டுக் கடிதமாம்.

கடைசியாக அந்தப் படம். வளைவில் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து நிற்கும் மஞ்சள் கார் என்னுடையது. கீழே "புகை கக்கும் சொகுசுக் கார்" என்று போட்டிருக்கிறீர்கள். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து நின்ற நேரம் அது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம், நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளையாகக் கிளம்பி அங்கேயே கரைந்தால் தண்ணீர். தவிர, புகை சைலன்சரில் வரும், சைலன்சர் காருக்குப் பின்னால் இருக்கும். படத்தில் ஆவி வருவது முன்னால். இன்னொன்று, அந்தக் காரில் இருப்பது கோவாவிலிருந்து வந்த அதே 1149 சிசி இன்ஜின். மாற்ற விட்டால்தானே!

எனவே, அடுத்த ஞாயிறு "படத்திலிருப்பது நீராவி, கார் இன்ஜின் மாற்றப்படாதது" என்று ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பில் நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள், பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டுவதாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். 0.3-இல் இருக்கும் புள்ளியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.