ஸ்கேன் அறிக்கையோடு நாலு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள்

முதுகெலும்பு அறுவை மருத்துவர்களுக்கும், எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் இயன்முறை மருத்துவர். உங்கள் அறையிலிருந்து வெளியே வருகிறவர்களில் பெரும்பாலோர் அடுத்து வந்து சேர்வது என்னைப் போன்றவர்களிடம்தான். வலி எங்கே என்று நான் கேட்பதற்கு முன்பே ஸ்கேன் உறையைப் பிரித்துவிடுகிறார்கள். "எல்4–எல்5 ஜவ்வு விலகிவிட்டதாம், நரம்பை அழுத்துகிறதாம், எலும்பும் தேய்ந்துவிட்டதாம். கடைசிவரை நடக்க முடியுமா?" என்கிறார்கள். எல்4–எல்5 என்பது இடுப்பின் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகள்; ஜவ்வு என்று அவர்கள் சொல்வது அவற்றின் இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க். படத்தைப் பார்த்தவர் நீங்கள். இந்தக் கேள்விக்கு விடை உங்களிடம்தான் முதலில் கிடைத்திருக்க வேண்டும்.

அண்மையில் வந்த ஒரு பெண்ணிடம், தரையில் கிடந்த துண்டை எடுக்கச் சொன்னேன். ஒரு கையை மேசையில் ஊன்றினார், மூச்சை அடக்கினார், முதுகு துளியும் வளையாமல் முழங்காலை மட்டும் மடக்கி மெல்ல இறங்கினார். வலி குறைந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. காலில் பலம் குறையவில்லை, மரத்துப்போகவும் இல்லை. "குனிந்தால் ஜவ்வு பிதுங்கி வந்துவிடும் என்றார்கள்" என்றார். பெற்ற குழந்தையைத் தூக்குவதையே விட்டிருந்தார். போகிறபோக்கில் யாரோ சொன்ன ஒரு வாக்கியம் அவரை அத்தனை மாதங்கள் கட்டிப்போட்டிருந்தது.

இத்தகைய அறிக்கைகளில் இருப்பவை எத்தனை பேருக்கு இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை ஒன்றுதிரட்டிய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வலியில்லாத இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. ஐம்பது வயதில் அது 80 சதவீதம். ஜவ்வுப் பிதுக்கம் ஐம்பது வயதில் 60 சதவீதம் பேருக்கு இருந்தது. நோயாளியின் கையில் இருக்கும் தாளில் இந்த எண்கள் இல்லை. தன் முதுகு மட்டும்தான் கெட்டுப்போனது என்று நினைத்துக்கொண்டே அவர் வீடு போய்ச் சேர்கிறார்.

அறிக்கையின் அடியில் இந்த விவரத்தை அச்சிட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரிடம் அதைச் செய்து பார்த்தார்கள். 2020-இல் வந்த முடிவின்படி, வலுவான வலிமருந்துகளை எழுதித் தருவது சற்றே குறைந்தது. முதுகுக்கான மற்ற சிகிச்சைகளின் அளவு குறையவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. பயந்து போயிருப்பவர் அடிக்குறிப்பைப் படித்துத் தெளிவதில்லை. வாயால் சொல்ல வேண்டும், அதுவும் படத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு நல்ல செய்தி நிறைய இருக்கிறது. பிதுங்கி வெளியே வந்த ஜவ்வு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுவதில்லை. உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதை அரித்துக் கரைக்கின்றன. பெரிதாகப் பிதுங்கியதும் துண்டாகப் பிரிந்து கிடப்பதும்தான் அதிகமாகச் சுருங்குகின்றன. இதைக் கேட்கும்போது நோயாளியின் முகத்தில் வரும் மாற்றத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். காலுக்கு இறங்கும் வலி பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் கணிசமாகத் தணிந்துவிடுகிறது.

அறுவை சிகிச்சைக்கு நான் எதிரி அல்லன். அது வேண்டியவர்களுக்கு வேண்டியதுதான். நெதர்லாந்தில் காலுக்கு இறங்கும் வலி உள்ள 283 பேரை, சீக்கிரம் அறுவை செய்பவர்கள், பொறுத்துப் பார்ப்பவர்கள் என இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வு, சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி விரைவாகப் போனதையும், ஓராண்டு முடிவில் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்ததையும் காட்டியது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பின்னர் அறுவை செய்துகொண்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். இந்த இரண்டு பக்கத்தையும் முன்னே வைத்தால், வேலைக்கு உடனே திரும்பியாக வேண்டியவர் ஒரு முடிவுக்கு வருவார், பொறுத்துப் பார்க்க முடிந்தவர் வேறொன்றுக்கு வருவார். "செய்துவிடலாம், இல்லாவிட்டால் கால் விழுந்துவிடும்" என்று மட்டும் கேட்டு வந்தவருக்குத் தேர்ந்தெடுக்க எதுவுமே இருப்பதில்லை.

அதே நேரம், எல்லோரிடமும் "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்பதும் ஆபத்து. தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பையொட்டி முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே கற்றையாக இறங்கும் நரம்புகள் நசுங்கினால் தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போகும், சிறுநீர் கட்டும், அல்லது தெரியாமலே போகும். அப்போது காத்திருக்க நேரம் இல்லை. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கால்வலியோடு வரும் ஒவ்வொருவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். சிறுநீர் பற்றிக் கேட்டால் பலர் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நீங்கள் கேட்டால்தான் வாய் திறப்பார்கள்.

எல்லா முதுகுவலியும் ஜவ்வினால் வருவதும் இல்லை. விடியும் முன்பே வலி எழுப்பிவிடுகிறது, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, நடமாடினால் குறைகிறது என்று ஓர் இளைஞர் சொன்னால் அது அழற்சி மூட்டுநோயாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் தாமதமாவது இன்றும் நடக்கிறது. காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்த முதுகுவலியில் காசநோயை மறக்கக் கூடாது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறவருக்கு, கழுத்தில் வலியே இல்லாவிட்டாலும், அங்கே தண்டுவடம் அழுந்திக்கொண்டிருக்கலாம்.

என் துறையினருக்கும் ஒரு வார்த்தை. நீண்டகால இடுப்புவலிக்கு வழக்கமாக பெல்ட் கட்டுவதையும், இழுவைச் சிகிச்சையையும், மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட் கருவிகளையும் 2023-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் உடற்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. கருவியைப் பொருத்திவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போகும் வழக்கத்தை நாங்களும் விட வேண்டும்.

உங்களிடம் கூட்டம் அதிகம், ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நிமிடங்களில் ஒரு பகுதியை விளக்கத்துக்கு ஒதுக்குங்கள். எங்களிடம் அனுப்பும் சீட்டில் "பிசியோதெரபி" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், இவர் குனியலாம், நடக்கலாம், இவ்வளவு காலத்தில் சரியாக வேண்டும், இன்ன அறிகுறி தென்பட்டால் அன்றைக்கே திரும்ப வர வேண்டும் என்று அவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தாருங்கள். மீதியை நாங்கள் செய்கிறோம்.

அன்புடன்,
ஓர் இயன்முறை மருத்துவர்