ஹெரால்டு வண்டியின் முன்பக்க வேலை பற்றி, நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக வண்டி விட வருகிற ஒவ்வொருவரும் சாவியைக் கொடுக்கும் முன்னே அந்த ஹெரால்டு கதையைத்தான் கேட்கிறீர்கள். சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை எல்லோர் போனிலும் செய்தி சுற்றிவிட்டது. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

நம் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னையில் தயாரான அறுபதுகளின் வண்டி. முன் சஸ்பென்ஷனை முழுக்கக் கழற்றி மாட்டிக் கொடுத்தோம். பதினோராம் நாள் குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பியிருக்கிறார். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் முன்பக்கம் கிரீச்சென்று கத்தி, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்க, அங்கேயே திருப்பி அடிவாரம் இறங்கிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தவறு எங்களுடையது. வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன், வேலையையும் காசு வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்தோம்.

ஆனால் "பழைய புஷ்ஷுக்குக் கறுப்பு பூசி மாட்டிவிட்டார்கள்" என்று ஒரு பேச்சு (புஷ் என்பது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் என்ற இரும்புக் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை). அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வண்டிக்கு மேல் ஆர்முக்கு நான்கு, கீழ் ஆர்முக்கு நான்கு, ஆக எட்டு ரப்பர் புஷ். எட்டுமே புதுசு. கழற்றிய பழைய எட்டையும் பையில் கட்டி டிக்கியில் வைத்துத்தான் கொடுத்தோம். அப்பா காலத்திலிருந்து இந்தப் பட்டறையின் பழக்கம் அது, உங்களில் பாதிப் பேர் வீட்டில் அப்படி ஒரு பை கிடக்கும். கிழிந்த புதுப் புஷ் இப்போதும் என் மேஜை மேல்தான் இருக்கிறது. வந்து பாருங்கள். வார்ப்புக் கோடு கூடத் தேயவில்லை, உள் குழாயை ஒட்டி மட்டும் பிறை மாதிரி ஒரு கிழிசல்.

அது ஏன் கிழிந்தது? நட்டை முறுக்காமல் விட்டோம் என்கிறார்கள். முறுக்கினோம், முறுக்கக் கூடாத நேரத்தில் முறுக்கிவிட்டோம். இந்தப் புஷ்ஷின் நடுவில் ஒரு இரும்புக் குழாய் உண்டு. போல்டை இறுக்கியதும் குழாய் அப்படியே பிடித்துக்கொள்ளும், சுற்றாது. சக்கரம் ஏறி இறங்கும்போது ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால்தான். வண்டி ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் கீழே தொங்கும்போதே இறுக்கிவிட்டால் ரப்பருக்கு அதுதான் இயல்பு நிலை. இறக்கி வைத்த நிமிஷத்திலிருந்து ஈரத் துணியைப் பிழிந்து பிடித்த மாதிரி முறுக்கிலேயே நிற்கும். முன்பக்கமும் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். அதோடு பள்ளத்தில் ஒவ்வொரு முறை விழும்போதும் மேலும் முறுக்கு ஏற, கிழியாமல் என்ன செய்யும்? நான்கு சக்கரமும் தரையில் பதிந்து, முன் சீட்டில் இரண்டு ஆள் எடை இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. நாங்கள் அரிசி மூட்டை வைப்போம். அன்று வைக்கவில்லை.

மற்ற வேலையெல்லாம் சரியாகவே இருந்தது. கீழே பித்தளை டிரனியனை, அதாவது சக்கரம் திரும்ப உதவும் மரை போட்ட மூட்டை, மரை முட்டும்வரை ஏற்றி, ஒரு சுற்று திருப்பி விட்டிருந்தோம். 25 அடி வட்டத்துக்குள் திரும்புகிற வண்டி அது, ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பும்போது பிடிக்கக் கூடாதல்லவா? டிரனியனுக்குள் 90 என்கிற கெட்டியான கியர் ஆயில்தான் விட்டிருந்தோம், கிரீஸ் இல்லை. (ஹெரால்டு வைத்திருப்பவர்கள் வேறு எங்கே கொடுத்தாலும் இதை மட்டும் சொல்லிக் கொடுங்கள். உள்ளே ஈரம் தங்கித் துரு பிடித்தால் அதில் மாட்டியிருக்கும் இரும்புத் தண்டே ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும்.)

இருபத்திரண்டு வருஷம் இருந்த நம் மேஸ்திரி தை மாதம் மகள் வீட்டோடு ஓசூர் போய்விட்டார். அவர் கை பார்த்து வளர்ந்த பையன்தான் அன்று ஸ்பேனர் பிடித்தவன், நல்ல வேலைக்காரன். அவனிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம். அருகில் நிற்க வேண்டியவன் நான், அந்த நேரம் லீ பஜாரில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இனி கடைசி இறுக்கு என் கையால். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இருக்கும், கோடு இல்லாவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள். நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதுசு. கழற்றும் ஷிம்களை (இடைவெளி சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகளை) இடம், வலம் பார்த்துத் தனித்தனிக் கம்பியில் கோத்து வைப்போம். அப்புறம் அடிவாரம் தாண்டி நான்கு வளைவு ஏற்றி இறக்கிவிட்டுத்தான் சாவி. இதனால் முன்பக்க வேலைக்கு வண்டி இரண்டு நாள் நிற்கும், கூலியும் அடுத்த மாதம் முதல் கொஞ்சம் மாறுகிறது, பலகையில் எழுதியிருக்கிறோம்.

இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் அம்பாசடரையும் பத்மினியையும் முன்போலவே கொண்டுவந்து விட்டீர்கள். ஒருவர் மல்கோவா ஒரு கூடை கொடுத்துவிட்டு, "விடுங்க தம்பி, உங்க அப்பாவைத் தெரியாதா" என்று சொல்லிப் போனார். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் மறக்க மாட்டோம். உங்கள் எல்லோருக்கும் நன்றி.

தை முதல் வைகாசி வரை புஷ் மாற்றிய வண்டிகள் இன்னும் ஆறு. ஐந்தை வரவழைத்து, போல்டைத் தளர்த்தித் தரையில் வைத்து மறுபடி இறுக்கிவிட்டோம். ஒரு வெள்ளை பத்மினி மட்டும் பாக்கி, கொடுத்த நம்பர் எடுக்கவில்லை. இதைப் படித்தால் ஏற்காடு ஏறும் முன் ஒரு மணி நேரம் வந்து போங்கள். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைக்காரர்