பி.எஸ்.ஏ. குறைவாக இருந்தும் நோய் வளர்ந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் புராஸ்டேட் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஆண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற நோயைப் பற்றித் தெளிவாக எழுதியிருந்தீர்கள். சிகிச்சைக்குப் பிறகு, ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கிற ஒரு புரதம்) அளவு குறைந்தே இருந்தால் கவலை வேண்டாம் என்ற இடத்தில்தான் என்னால் மேலே படிக்க முடியவில்லை. பெரும்பாலோருக்கு அது சரி. என் சித்தப்பாவுக்கு அப்படி நடக்கவில்லை.

சித்தப்பா ஆத்தங்குடியில் முப்பது வருஷத்துக்கு மேல் தரைக்கல் போட்டவர். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ண சிமெண்டை ஊற்றுவார். பூ ஒன்றுகூடக் கலங்காது. நோய் தெரிந்ததும் மதுரையில் ஆண் ஹார்மோனை நிறுத்துவதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி போட்டார்கள். பி.எஸ்.ஏ. ஒன்றுக்குக் கீழே இறங்கியது. வேலைக்கும் போனார்.

பங்குனியில் குன்றக்குடிப் படியேறி வந்த மனுஷன், ஆடி பிறந்தபோது தரையில் உட்கார்ந்தால் தூணைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. அதுவரை இல்லாத சர்க்கரை 380 காட்டியது. ரத்த அழுத்தம் ஏறியது, கால் வீங்கியது, உடம்பு கறுத்துப்போனது. வெயிலில் நின்ற கறுப்பு என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். பக்கத்தில் பார்த்த இடங்களில் சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை, பொட்டாசியம் 2.4-க்கு இறங்கியதற்கு ஒரு மருந்து என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். புற்றுநோய்தான் அடங்கியிருக்கிறதே, பி.எஸ்.ஏ.யைப் பாருங்கள் என்றார்கள். இரண்டு மாதம் போய்விட்டது.

மதுரையில் ஓர் இளம் டாக்டரம்மாதான், "இவ்வளவும் ஒண்ணா ஏன் வருது?" என்று கேட்டார். ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனையும், அதைச் சுரக்கத் தூண்டும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனையும் பார்க்கச் சொன்னார். இரண்டுமே மிக அதிகம். ஸ்கேனில் கல்லீரல் முழுக்கக் கட்டிகள். அதிலிருந்து சதை எடுத்துப் பார்த்தபோது ஸ்மால் செல் என்ற அரிய வகைப் புற்றுநோய் என்று வந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். சாதாரண புராஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனை நம்பி வளர்வது. அந்த ஹார்மோனை நிறுத்தினால் அது சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-லேயே காட்டினார். 1966-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஸ்மால் செல் வகைக்கு அந்த ஹார்மோன் தேவையில்லை. பி.எஸ்.ஏ.யையும் அது பெரும்பாலும் சுரப்பதில்லை. அதனால் நோய் பரவினாலும் அந்த எண் ஏறாமலே இருக்கலாம். முதல் தடவை கண்டுபிடிக்கும்போதே இந்த வகையாக இருப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களில் சிலருக்குப் பழைய கட்டியே பின்னால் இப்படி மாறுவதும் உண்டு.

அந்தக் கட்டிகளில் சில தாமே ஹார்மோன் சுரக்கும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அளவாகச் சுரக்க வேண்டிய ஏ.சி.டி.எச்.சை, கட்டி கணக்கில்லாமல் சுரக்கும். சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பிகள் அதைக் கேட்டு கார்டிசாலைக் கொட்டும். கார்டிசால் சர்க்கரையை ஏற்றும், தொடைச் சதையைக் கரைக்கும், கிருமி எதிர்ப்பைக் குறைக்கும். அளவு மீறினால் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். ஏ.சி.டி.எச். தோலையும் கறுக்கவைக்கும். நாங்கள் வெயில் என்று நினைத்தது அதைத்தான். முகம் நிலா மாதிரி உப்பும் என்கிறார்கள்; நோய் வேகமாகப் போகிறவர்களுக்கு அதற்குக்கூட நேரம் இருக்காதாம். சித்தப்பாவுக்கு முகம் வாடித்தான் போனது.

கார்டிசாலைக் குறைக்க மாத்திரை கொடுத்து, கார்போபிளாட்டின், எட்டோபொசைடு கீமோ தொடங்கினார்கள். சர்க்கரை இறங்கியது, தானாக எழுந்து நடந்தார். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டி, மாசியில் போய்விட்டார். அந்த இரண்டு மாதம் கையில் இருந்திருந்தால் என்று சித்தி இன்னும் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எல்லோரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. அரிதான நோய்தான். சில புராஸ்டேட் மாத்திரைகளாலும் பொட்டாசியம் குறையும், பிரஷர் ஏறும். அதை டாக்டர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனால் புராஸ்டேட் நோயாளிக்குத் திடீரென்று சர்க்கரை, பிரஷர், பொட்டாசியக் குறைவு, தொடை பலவீனம் எல்லாம் சேர்ந்து வந்தால், பி.எஸ்.ஏ. என்னவாக இருந்தாலும், புற்றுநோய் பார்க்கும் டாக்டரிடமே அவரைக் கூட்டிப்போக வேண்டும். அடுத்த இதழில் ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடமும் கேட்டு இதை விரிவாக எழுதுங்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் உங்கள் இதழை வீட்டுக்கு வீடு படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஆத்தங்குடி வாசகர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்