‘அய்யோ’வுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் உங்கள் மாணவர் பக்கத்தில் ஆங்கில வியப்பிடைச்சொற்களின் பட்டியல் வந்திருந்தது. ஹுர்ரா என்றால் மகிழ்ச்சி, அலாஸ் என்றால் துயரம், பிராவோ என்றால் பாராட்டு என்று மூன்றே வரியில் பாடம் முடிந்துவிட்டது. மனப்பாடத்துக்கு வசதிதான். ஆனால் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, குழித்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் செய்கிற தவறுகளில் பாதி இந்த மாதிரிப் பட்டியலிலிருந்துதான் முளைக்கிறது.

ஒரு சொல் வியப்பிடைச்சொல்லா இல்லையா என்று தெரிந்துகொள்ள, அதை அடித்துவிட்டு மீதியைப் படித்தால் போதும். உணர்ச்சி மட்டும் குறைந்து, செய்தி அப்படியே நின்றால் அது வியப்பிடைச்சொல். ‘வெல், ஐ டோன்ட் நோ’ என்பதில் ‘வெல்’ போனாலும் ‘எனக்குத் தெரியாது’ என்ற செய்தி மாறுவதில்லை. ‘ஷீ சிங்ஸ் வெல்’ என்பதில் அதே சொல்லை எடுத்தால் நன்றாகப் பாடுகிறாள் என்ற செய்தியே போய்விடுகிறது. அங்கே அது வினையடை. ‘வை’ என்ற சொல்லும் இப்படித்தான். ‘வை, இட்ஸ் யூ!’ என்றால் ‘அட, நீயா!’, ‘வை டிட் யூ கோ?’ என்றால் கேள்வி.

அடுத்தது நம் ‘அய்யோ’. கால் இடித்தாலும் அய்யோ, பால் பொங்கி வழிந்தாலும் அய்யோ, பக்கத்து வீட்டில் சாவு என்றாலும் அய்யோ. ஆங்கிலம் இதைக் கூறுபோட்டு வைத்திருக்கிறது. தனக்கு வலித்தால் ‘அவுச்’. தன் கை தவறி நடந்த சிறு பிசகுக்கு ‘ஊப்ஸ்’. கெட்ட செய்தி கேட்டு அதிர்ந்தால் ‘ஓ நோ’. அப்பாடா என்று மூச்சு விட்டால் ‘ஃப்யூ’. அருவருப்புக்கு ‘யக்’ அல்லது ‘அக்’. அடுத்தவர் அடிபட்டு விழுந்து கிடக்கும்போது ‘ஊப்ஸ்’ என்றால் அதைச் சின்ன விஷயமாக நினைக்கிறோம் என்று ஆகிவிடும். ‘அலாஸ்’ இன்று பேச்சில் அநேகமாக இல்லை. தகப்பனை இழந்த நண்பனிடம் போய் ‘அலாஸ்!’ என்றால் நாடக வசனம் போல இருக்கும்; ‘ஐ ஆம் ஸோ சாரி’ என்பதுதான் முறை. ‘ஹுர்ரா’வும் கூட்டமாக ஆரவாரம் செய்கிற பழைய சொல். நாளைக்கு லீவு என்றதும் நம் பிள்ளை ‘ஐ!’ என்று குதிப்பதற்கு ஆங்கிலப் பிள்ளை ‘யே!’ என்று குதிக்கும். (அந்த ‘ஐ’ ஒன்றும் சின்னச் சொல் இல்லை. ‘ஐ வியப்பாகும்’ என்று தொல்காப்பியம் உரியியலில் வைத்திருக்கிறது.)

நம் எல்லைப் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ‘வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?’ என்று கேட்டால், ‘ஆமாம்’ என்ற பொருளில் ‘ஓ’ என்பது இங்கேயும் தென்கேரளத்திலும் வழக்கம். ஆங்கில ‘ஓ’ அப்படி இல்லை. இப்போதுதான் தெரிந்தது என்பதற்கான குரல் அது. ‘ஹாவ் யூ ஃபினிஷ்டு?’ என்ற கேள்விக்குப் பையன் ‘ஓ’ என்று நிறுத்தினால், வீட்டுப்பாடம் இருந்ததே இவனுக்கு இப்போதுதான் தெரியும் என்று கேட்டவர் எடுத்துக்கொள்வார். ‘யெஸ், சார்’ என்று தனியே பழக்க வேண்டும். உச்சுக் கொட்டுவதும் அப்படியே. நமக்கு அது பெரும்பாலும் இரக்கம். ஆங்கிலத்தில் ‘டட்-டட்’ என்று எழுதுகிற அதே நாக்கொலி பெரும்பாலும் கண்டிப்பு. கதையில் பாட்டி ‘டட்-டட்’ என்றால் பரிதாபப்பட்டாள் என்று பிள்ளைகள் பொருள் எழுதிவிடுகிறார்கள்.

இனி எல்லைப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் இடம் ஒன்று. ‘ஹவ் பியூட்டிஃபுல் ஃபிளவர்!’ என்ற தவறை எல்லா வகுப்பிலும் பார்க்கலாம். ‘எவ்வளவு அழகு’, ‘எவ்வளவு அழகான பூ’ இரண்டுக்கும் நாம் ஒரே ‘எவ்வளவு’ போடுவதால் வருவது இது. ஆங்கிலத்தில் அடுத்துப் பெயர்ச்சொல் வந்தால் ‘வாட் எ’, வராவிட்டால் ‘ஹவ்’. ‘வாட் எ பியூட்டிஃபுல் ஃபிளவர்!’, ‘ஹவ் பியூட்டிஃபுல்!’ மலையாளத்தில் ‘எந்தொரு பங்கி!’ (என்ன ஒரு அழகு!) என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இதை ஒரு நொடியில் காட்டிவிடலாம்: ‘எந்து’ என்பது வாட், ‘ஒரு’ என்பது எ. நம் பேச்சில் வரும் ‘என்ன ஒரு ஆட்டம்!’ என்பதும் அதே கட்டு. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. மலையாளத்தில் ‘எந்தொரு சூடு’ என்று எண்ண முடியாததற்கும் ‘ஒரு’ வரும். ஆங்கிலத்தில் எண்ண முடியாத பெயருக்கும் பன்மைக்கும் ‘எ’ வராது. ‘வாட் எ லவ்லி வெதர்’ தவறு, ‘வாட் லவ்லி வெதர்!’ சரி. பூக்கள் பல என்றால் ‘வாட் லவ்லி ஃபிளவர்ஸ்!’ இன்னொன்று, ‘ஹவ்’ வந்தால் உடனே கேள்வி போலத் திருப்பிப் போடுகிறார்கள். ‘ஹவ் டால் ஹீ இஸ்!’ என்பதே வியப்பு. ‘ஹவ் டால் இஸ் ஹீ?’ என்றால் எத்தனை அடி உயரம் என்ற கேள்வி.

மதிப்பெண் அதிகம் போவது, ஒருவர் சொன்னதை நம் வாக்கியமாக மாற்றி எழுதும் அயற்கூற்றில்தான். ‘ஹுர்ரா! வீ ஹாவ் வன்’ என்று பையன்கள் கத்தியதை மாற்றச் சொன்னால், ‘தே செட் தட் ஹுர்ரா’ என்று எழுதுகிறார்கள். ஹுர்ரா முழுவதும் போக வேண்டும். அதன் உணர்ச்சி வினையோடு ஏறிக்கொள்ளும். ‘த பாய்ஸ் எக்ஸ்க்ளெய்ம்டு வித் ஜாய் தட் தே ஹாட் வன்’. ‘வீ’ ‘தே’ ஆகிறது, ‘ஹாவ்’ ‘ஹாட்’ ஆகிறது, வியப்புக்குறி இருந்த இடத்தில் முற்றுப்புள்ளி. பலர் மற்றதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு வியப்புக்குறியை அப்படியே விட்டு அரை மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அலாஸ் வந்தால் ‘வித் சாரோ’. பிராவோவுக்கு ‘வித் ஜாய்’ பொருந்தாது. அங்கே ‘அப்ளாடட்’ என்ற வினை வேண்டும். ‘வாட் எ’, ‘ஹவ்’ இரண்டும் ‘வெரி’யாக மாறும்.

குறியீட்டில் விதி எளிது. வலுவான உணர்ச்சிக்கு வியப்புக்குறி, அடுத்த சொல் பெரிய எழுத்தில். மென்மையான உணர்ச்சிக்குக் காற்புள்ளி, அடுத்த சொல் சிறிய எழுத்தில், அது ‘நான்’ என்று பொருள்படும் ஆங்கில ‘ஐ’ அல்லது ஆள், ஊர்ப் பெயராக இல்லாவிட்டால். ஒரு வியப்புக்குறி போதும். விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் அதுவும் வேண்டாம்.

இலக்கணப் புத்தகங்களில் இந்தப் பாடம் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. கிரேக்கர் வகுத்த எட்டுச் சொல்வகையில் வியப்பிடைச்சொல் தனி வகையாக இல்லை. கிரேக்கத்தில் இருந்த ‘ஆர்ட்டிகிள்’ (ஆங்கில ‘த’ போன்ற சொல்) லத்தீனில் இல்லாததால் ஓர் இடம் காலியாக, ரோமானிய இலக்கணக்காரர்கள் இதை அங்கே உட்கார வைத்தார்கள். ஆனால் பேச்சில் இது கடைசி இல்லை. நம் ‘ஐயோ’வையே ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதி 2016-இல் சேர்த்துக்கொண்டது.

அடுத்த முறை இந்தப் பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழ்ச் சொல்லை மட்டும் போடாமல், யார், யாரிடம், என்ன நடந்ததும் சொல்கிறார் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ‘ஊப்ஸ்: டம்ளரைத் தட்டிவிட்டவர், தனக்குத்தானே.’ இந்த அளவு போதும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.