இன்சார்ஜ் பொறுப்பு வேண்டாம் என்கிற மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபுக்கு இன்சார்ஜ் பொறுப்பெல்லாம் வேண்டாம், மெஷினோடு நிம்மதியாக இருந்துவிடுகிறேன், ஆட்களோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது என்று நீ போனில் சொன்னாய். முடிவு உன்னுடையது, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் நீ சொன்ன காரணம் சரியில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மெஷினோடு இருந்துவிடலாம் என்பது எத்தனை நாளைக்கு? நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஹீமோகுளோபினுக்கு நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டு அளக்கிற சாஹ்லி ட்யூப்தான், ரத்தத்தை பிப்பெட்டில் வாயால் உறிஞ்சி ஏற்றுவோம் (உன் லேபில் இருக்கிற பிள்ளைகளிடம் சொல்லாதே, முகம் சுளிப்பார்கள்). அப்புறம் பாதி வேலையைத் தானே செய்கிற செமி ஆட்டோ மெஷின் வந்தது, முழுக்கத் தானே செய்கிற ஃபுல்லி ஆட்டோ வந்தது. இன்று உன் இடத்தில் ட்யூப் தானே ட்ராக்கில் ஏறி, தானே சுற்றி, மூடி கழன்று, ரிசல்ட் எல்லைக்குள் இருந்தால் யார் கண்ணும் படாமலே ரிப்போர்ட்டாக வெளியே போய்விடுகிறது. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து வைக்கிற ஸ்மியரைக்கூட கேமரா படம் பிடித்து செல்களை வகை பிரித்து வைக்கிறது. வேலை போய்விடும் என்று பயமுறுத்தவில்லை. மிச்சம் இருக்கப்போகிற வேலை எது என்று பார். மெஷின் கொடுத்த எண்ணை நம்பலாமா என்று முடிவு செய்வது, அந்த முடிவை வார்டில் இருக்கிறவர்களிடம் சொல்லி அதில் உறுதியாக நிற்பது. இரண்டுமே நீ வேண்டாம் என்கிற வேலை.

எனக்கு சீனியராக ஒரு அக்கா இருந்தார். ஒரு நைட் டியூட்டியில் வார்டிலிருந்து வந்த சாம்பிளில் பொட்டாசியம் 8-க்கு மேல். அந்த அளவு நிஜமாக இருந்தால் இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாம். டாக்டர் போனில் அவசரப்படுத்துகிறார், ரிப்போர்ட் வந்தால் உடனே இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்ற வேண்டும் என்கிறார். அக்கா சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கிற தெளிந்த நீரை, தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், சிவப்பு இல்லை, ரத்த அணு உடையவில்லை. மெஷினைச் சோதிக்க, அளவு முன்பே தெரிந்த சாம்பிளைப் போடுவோமே, அந்த கன்ட்ரோல் சரியாக இருந்தது. அதே சாம்பிளில் கால்சியம் போடச் சொன்னார். 3 சொச்சம், இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவு. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்கிற நொதியும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "ரிப்போர்ட் தர மாட்டேன் சார், நானே வந்து புதிதாக ரத்தம் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினார். பொட்டாசியம் 8 என்று மெஷின் சொன்ன அந்த ஆள் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். புதிதாக எடுத்த ரத்தத்தில் 4.3.

என்ன நடந்தது என்று உனக்கே தெரிந்திருக்கும். சிவப்பு மூடி ட்யூபுக்கு ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதா மூடி ட்யூபிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடி ட்யூபில் போட்டிருக்கிற ஈடிடிஏ என்கிற பொட்டாசியம் உப்பு பொட்டாசியத்தைக் கூட்டும், கால்சியத்தைக் கட்டிப்போடும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் ஏற்றியிருந்தால் நல்லாயிருந்த மனுஷனுக்குப் பொட்டாசியம் இறங்கி ஆபத்தாகியிருக்கும். ஆனால் எனக்கு மனசில் நின்றது மறுநாள் அக்கா செய்ததுதான். யார் ஊற்றினார்கள் என்று விசாரிக்கவே இல்லை. டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வார்டில் பயிற்சிப் பெண்களைக் கூப்பிட்டு, எந்த ட்யூபை முதலில் நிரப்ப வேண்டும், ஏன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றக் கூடாது என்று காட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த வார்டுக்காரர்கள் சந்தேகம் வந்தால் எங்களுக்கு போன் பண்ண ஆரம்பித்தார்கள். அவருக்கு அப்போது எந்தப் பதவியும் கிடையாது.

இத்தாலியில் பதோவா ஆஸ்பத்திரி லேபில் தவறுகளை எண்ணிப் பார்த்து 1997-இல் வெளியிட்டார்கள். நூற்றில் 68 தவறு மெஷினில் ஏற்றுவதற்கு முன்னாலேயே நடந்தது. திரும்ப எண்ணி 2007-இல் வெளியிட்டார்கள், அப்போதும் 62. மெஷினைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தால் இதில் எதைத் தடுப்பாய்? போதாததற்கு டெஸ்ட்டே வார்டுக்குப் போய்விட்டது, குளுக்கோமீட்டர், ரத்த வாயு மெஷின் எல்லாம் கட்டில் பக்கத்திலேயே. 2022-இல் வந்த புதிய ஐஎஸ்ஓ 15189, அதாவது மருத்துவ லேப்களுக்கான சர்வதேசத் தர விதி, அதையும் லேபின் தரக் கணக்கிலேயே சேர்த்துவிட்டது.

ஆட்களோடு மல்லுக்கட்டுவது என்று நீ சொல்வது பெரும்பாலும் கன்ட்ரோல் விஷயமாகத்தான் இருக்கும். எல்லாம் சரியாக இருக்கும்போதே சராசரியாக இருபது முறைக்கு ஒரு முறை கன்ட்ரோல் 2 எஸ்டி (திட்ட விலக்கம்) என்கிற எல்லையைத் தாண்டும், அது கணக்கு. ஆனால் ராத்திரி தனியாக இருக்கிற பிள்ளை என்ன செய்யும்? உள்ளே வருகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டு, நல்லதாக வந்ததை மட்டும் எழுதி வைக்கும். கன்ட்ரோல் வெளியே போய்விட்டது என்று வந்து சொல்கிற பிள்ளையை ஒரு தடவை திட்டிப் பார், மறுநாளிலிருந்து அழகான சார்ட் கிடைக்கும், உண்மை மட்டும் கிடைக்காது. திட்டாத ஆள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்றுதான் உன்னைச் சொல்கிறேன்.

இன்னொன்று. நம் லேப் ஆட்கள் வாயைத் திறக்காமலே பழகிவிட்டார்கள், அதனால் எல்லாம் நமக்குக் கடைசியில்தான் வருகிறது. அத்தியாவசிய மருந்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 1977-இலேயே பட்டியல் போட்டது, பரிசோதனைகளுக்குப் போட்டது 2018-இல், நம் நாட்டுப் பட்டியல் 2019-இல். நர்சிங் கவுன்சிலுக்கு 1947-இல் சட்டம் வந்தது, நம்மைப் போன்ற லேப் ஆட்களுக்கான சட்டத்துக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் 2017 டிசம்பரில், லேப் ரிப்போர்ட்டில் நோய்க்குறியியல் மேற்படிப்பு படித்த பதிவுபெற்ற மருத்துவர்தான் கையெழுத்திட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னபோது எங்கள் ரூமில் ஒரே புலம்பல். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, கையெழுத்து யாருடையதாகவும் இருக்கட்டும். வருத்தமெல்லாம், நம்மைப் பற்றிப் பேசுகிற இடங்களில் நம்மவர்கள் யாரும் இல்லையே என்பதுதான். இப்போது சட்டம் இருக்கிறது, அதில் மருத்துவ ஆய்வகத் துறைதான் முதல் பிரிவு. அந்தச் சட்டப்படி அமைகிற கவுன்சிலில் போய் உட்கார இருபது வருஷம் கழித்தாவது நம்மிலிருந்து ஆள் வேண்டும். ஒரு ஷிப்ட்டைக்கூட நடத்திப் பார்க்காதவன் அங்கே போய் என்ன பேசுவான்?

சரி, ஒப்புக்கொள்வதாக இருந்தால் முதலில் இதையெல்லாம் கேள். சந்தேகமான ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கிற அதிகாரம் உனக்கு உண்டா, அதை எழுத்தில் தருவார்களா? வார்டுக்குப் போய் நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் உண்டா, இல்லை பெஞ்ச் வேலையும் சேர்த்துத்தான் இன்சார்ஜா? நம் லேபின் தரத்தை மற்ற லேப்களோடு ஒப்பிட வெளியிலிருந்து வருகிற சாம்பிளுக்குத் தனிக் கவனிப்பு கொடுக்காமல், நோயாளி சாம்பிள் போலவே போட விடுவார்களா? நைட் ஷிப்ட்டில் இரண்டாவது ஆள் உண்டா? சம்பளத்தைக் கடைசியில் பேசு, ஆனால் பேசாமல் விட்டுவிடாதே, வெறும் பெயரை மாற்றிக்கொடுத்து ஏமாற்றுகிற வழக்கம் நம் துறையில் நிறைய. இரண்டாவது ஆள் கிடையாது என்று சொன்னால் இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
அம்மா